இரண்டு ஒக்டோபர் முப்பது

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு "போரும் நமது கல்லூரியும்". செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, இருபது நிமிசம்தான். ஆக்கள் சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டு இருப்பினம்" என்று அன்பாக எச்சரித்திருந்தார். ஆகவே சுருக்கமாகவே பேசுவேன்.

இந்தத் தலைப்பில் பேச வருகிற எவரும் கூரை பறந்த கதையையும், ஆய்வுகூடம் எரிந்த கதையையும், பிறகு நாங்கள் எல்லோரும் காசு சேர்த்துக் கட்டிய கதையையும்தான் சொல்வார்கள். அது சங்க அறிக்கையில் கணக்கோடு இருக்கிறது. நான் கட்டடங்களைப் பற்றிப் பேச வரவில்லை. ஆட்களைப் பற்றிப் பேச வந்தேன். துவக்கு வைத்திருந்தவர்கள் துவக்கு இல்லாதவர்களை என்ன செய்தார்கள் என்பதையும், துவக்கு இல்லாத நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்தோம் என்பதையும் சொல்லப் போகிறேன்.

நான் 1976ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு. எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் நாலு பேர் சோனகதெருவில் இருந்து வந்த முஸ்லிம் பிள்ளைகள். அந்த நால்வரில் ஒருவன் எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளன். அவனுடைய பெயரை இங்கே சொல்லவில்லை. அவன் வேண்டாம் என்றான். அவனுடைய வாப்பா தையற்காரர். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் வெள்ளைக் காற்சட்டை அவருடைய கையால் தைத்ததுதான். அளவெடுக்கும்போது "நல்லாப் படிக்கிறியோ?" என்று கேட்பார். "ஓம்" என்றால் நாடாவால் தலையில் ஒரு சின்னத் தட்டு. "இல்லை" என்றாலும் அதே தட்டுத்தான்.

இனி 1990க்கு வருகிறேன். தம்பிமார் பிறக்க முந்திய காலம், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்திய அமைதிப்படை அந்த வருடம் மார்ச் மாதம் போய்விட்டது. ஜூன் மாதம் விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் மறுபடி போர் தொடங்கியது. கிழக்கு மாகாணத்தில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் மாறி மாறிச் செத்துக் கொண்டிருந்தார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 தமிழரை இராணுவம் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. நாலு நாளில் சத்துருக்கொண்டானில் இன்னொரு படுகொலை.

இந்த நிலையில், அங்கே நடந்ததற்கான தண்டனை இங்கே இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் தீர்மானித்தார்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று போய், 30ஆம் திகதி காலை யாழ்ப்பாண நகருக்கு வந்தது. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது: இரண்டு மணித்தியாலத்துக்குள் போகவேண்டும். மாற்று உடுப்பும் சிறு தொகைக் காசும் கொண்டு போகலாம். ஒழுங்கை முனைகளில் துவக்கோடு நின்றவர்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். பிள்ளைகளின் தோடுகூடத் தப்பவில்லை. அந்த ஒரு மாதத்தில் வடக்கில் இருந்து போன முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்பதைச் சொல்லாமல் இதைச் சொல்வது நேர்மையில்லை.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அரசாங்க எழுதுவினைஞர். தங்கைச்சிக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தோம். பொருளாதாரத் தடையால் துணி கிடைக்காத காலம். எப்படியோ கிடைத்த ஒரு காற்சட்டைத் துணியை முதல் வாரம்தான் கோல்காப்பாளனின் வாப்பாவிடம் கொடுத்திருந்தேன். 30ஆம் திகதி ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்துசந்திப் பக்கம் போனேன். மூலையில் துவக்கோடு ஒரு பெடியன் நின்றான். பதினாறு பதினேழு வயதிருக்கும். "அண்ணை, இஞ்ச ஒண்டுமில்லை. வீட்ட போங்கோ" என்றான். அவனுக்குப் பின்னால் சனம் பையோடும் பிள்ளைகளோடும் நிரையாக நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் சைக்கிளைத் திருப்பினேன்.

திருப்பும்போது என் மனதில் வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமோ? "ஐயோ, என்ர துணி!"

சிரிக்க வேண்டியவர்கள் சிரிக்கலாம். நானும் பல வருடம் அதைப் பகிடியாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பகிடியாகச் சொல்லிவிட்டால் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டா, "என்னவாம்?" "சோனகரைப் போகச் சொல்லுறாங்களாம்." "ஏனாம்?" "தெரியேல்ல. என்னவும் காரணம் இருக்கும்." இந்தக் கடைசி வசனத்தை நான் சொன்னேன். அன்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இதே வசனம் சொல்லப்பட்டிருக்கும். பயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. முந்தின வருடம், 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். "முறிந்த பனை" எழுதிய நால்வரில் ஒருவர். எல்லாத் தரப்பும் செய்ததையும் எழுதியதற்காகவே அவரைப் புலிகள் கொன்றார்கள் என்பது அவரோடு வேலை செய்தவர்களின் முடிவு. புலிகள் அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது? ஆனால் பயத்தில் பேசாமல் இருப்பது ஒன்று, "காரணம் இருக்கும்" என்று சொல்வது இன்னொன்று. பயந்தவன் வாயை மூடலாம். மூடிய வாய்க்குள் நியாயமும் தேடிக் கொடுக்கத் தேவையில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

பிறகு அந்தத் தெருக்கள் வெறுமையாகக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஓடும் மரமும் கதவு நிலையும் கழன்றன. வாங்கின ஆக்களும் எங்களுக்குள்தான் இருந்தார்கள்.

சரியாக ஐந்து வருடம் போனது. 1995 ஒக்டோபர் 30. திகதியைக் கவனியுங்கள்.

அந்த வருடம் ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒக்டோபரில் சூரியக்கதிர் நடவடிக்கை தொடங்கி இராணுவம் வலிகாமத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஆகவே எங்களுக்கு இருந்த பயம் பொய்ப் பயம் அல்ல. 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. எல்லோரும் உடனே வெளியேறித் தென்மராட்சிப் பக்கம் போகவேண்டும் என்ற அறிவித்தல். யாரையும் கேட்கவில்லை. இருக்க விரும்புகிறவர் இருக்கலாம் என்ற சொல்லும் அதில் இல்லை.

நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தது. மழை கொட்டியது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டிக்கொண்டு போனேன். மனுசி இரண்டு பிள்ளைகளையும் பிடித்திருந்தா. அரை மணித்தியால வழிக்கு விடிய விடிய நின்று நின்று போனோம். குடையை மல்லாத்திப் பிடித்து மழைத் தண்ணி சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வழியில் வயதானவர்கள் சரிந்து விழுந்தார்கள். நடுச்சாமம் போல, அசையாமல் நின்ற சனத்துக்கு நடுவில், கரியரில் இருந்த அம்மா சொன்னா: "தம்பி, அண்டைக்கு அதுகளுக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் "ஆர்?" என்று கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும்.

தம்பிமாரே, நான் சொல்ல வந்த விசயம் இதற்குள்தான் இருக்கிறது. 1990இல் ஒலிபெருக்கி சொன்னது, "நீங்கள் எங்கட சனம் இல்லை, போங்கோ." 1995இல் ஒலிபெருக்கி சொன்னது, "நீங்கள் எங்கட சனம், வாங்கோ." கேட்க இரண்டும் எதிர் எதிர் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டிலும் சனத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டுச் சாமானை வேண்டாம் என்று வெளியில் எறிகிறவனும், வேணும் என்று தூக்கிக்கொண்டு போகிறவனும் அதைச் சாமான் என்றுதான் நினைக்கிறான். துவக்கு வைத்திருப்பவன் "எங்கட சனம்" என்று சொல்லும்போது அது உறவுச்சொல் அல்ல, உடைமைச்சொல். எங்களில் பலர் அதை உறவுச்சொல் என்று எண்ணிப் பெருமைப்பட்டோம்.

ஒரு தரப்பை மட்டும் சொல்லி முடித்துவிட்டுப் போக நான் வரவில்லை. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளியன்று, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதிமாரையும் சுட்டது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1993 ஜனவரியில் கிளாலிக் கடலில் படகில் போன சனத்தைக் கடற்படை சுட்டது. அந்தக் கடலைக் கடக்கவும் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும், வீட்டில் ஒருவரைப் பிணை வைக்கவேண்டும். அடுத்த பக்கம் வவுனியாவுக்குப் போனால் அங்கே இராணுவத்தின் பாஸ். 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிக் காவலரணில் நின்ற படையினர் மறித்து, வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்று புதைத்தார்கள். அதே செம்மணியில் 2025இல் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன.

2009ஐச் சொல்லவே வேண்டாம். அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குச் சனம் போனது. அந்த இடத்திலேயே எறிகணை விழுந்தது. ஆஸ்பத்திரிகளிலும் விழுந்தது. தப்பி வர முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். இரண்டையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதிவைத்திருக்கிறது. நாற்பதாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்றது அந்தக் குழு. ஒருவருக்கு அந்தச் சனம் கேடயம், மற்றவருக்கு இலக்கு.

சட்டம் படிக்கப் போகிற தம்பிமாருக்கு ஒரு குறிப்பு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை என்று ஒன்று உண்டு. உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. அது அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்தவில்லை; மோதலில் ஈடுபடும் ஒவ்வொரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஆயுதம் ஏந்தாதவரைக் கொல்லாதே, வதைக்காதே, பணயம் வைக்காதே என்பதுதான் அதன் சாரம். 1977ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, கூட்டாகத் தண்டிக்காதே, சனத்தின் சொந்தப் பாதுகாப்போ தவிர்க்க முடியாத இராணுவத் தேவையோ இல்லாமல் இடம்பெயரச் சொல்லாதே என்கிறது. இலங்கை அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் ஒருவன் செய்ததற்கு அவன் சாதிக்காரன் எல்லோரையும் தண்டிப்பது பிழை என்று அறிய ஜெனீவாவரை போகவேண்டுமோ? வகுப்பில் ஒருவன் விசிலடித்ததற்கு முழு வகுப்பையும் வாங்கில் ஏற்றினால், அது அநியாயம் என்று பத்து வயதில் நாங்கள் எல்லோரும் முறைப்பட்டவர்கள்தானே. ஆசான் அவர்கள் மன்னிக்கவும்.

இனி முடிக்கிறேன்.

2002இல் சமாதானம் என்று ஏ-9 பாதை திறந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், முஸ்லிம்களை வெளியேற்றியதற்கு அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. அடுத்த வருடம் அலுவலக வேலையாகப் புத்தளம் போனபோது நான் விசாரித்து விசாரித்துக் கோல்காப்பாளனைக் கண்டுபிடித்தேன். உப்புக் காற்றடிக்கும் ஒரு முகாமில், கிடுகுக் கொட்டிலில் இருந்தான். என்னைக் கண்டவுடன் கட்டிப்பிடித்தான். தேத்தண்ணி தந்தான். வகுப்பில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"மச்சான், அண்டைக்கு நீ ஐந்துசந்தி மூலைக்கு வந்தனீதானே? வாப்பா உன்னைக் கண்டவர்."

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. அவனுடைய குரலில் கோபம் ஒன்றும் இல்லை. தொடர்ந்து சொன்னான்:

"உன்ர துணியை வெட்டிப்போட்டாராம், தைக்க நேரமில்லாமப் போச்சாம். கண்டால் சொல்லச் சொன்னவர். மௌத்தாகிற வரைக்கும் அது அவருக்கு ஒரு குறைதான்."

இரண்டு மணித்தியாலத்தில் வீட்டையும் கடையையும் ஊரையும் விட்டுப்போன மனிதர், எனக்குத் துணி தைத்துத் தராததைத் தன் கடனாக நினைத்திருக்கிறார். நான் அவருக்கு என்ன கடன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

போகும்போது அவன் ஒன்று மட்டும் கேட்டான். எங்கள் வகுப்புப் படம். அவனுடையது வீட்டோடு போய்விட்டது. பிரதி எடுத்து அனுப்பினேன்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். எங்கள் சங்க முகவரிப் புத்தகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண், பாரிஸ் என்று உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நோர்வேயில் வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற ஒருவரையும் தேடிப் பிடித்திருக்கிறோம். பாராட்ட வேண்டிய உழைப்பு. அந்தப் புத்தகத்தில் 1976ஆம் ஆண்டு வகுப்புக்கு முப்பத்துநாலு பெயர் இருக்கிறது. நான் போன மாதம் அதிபர் அவர்களின் அனுமதியோடு சேர்விடாப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் முப்பத்தெட்டுப் பெயர். அந்த நாலு பெயரும் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்ற வகுப்புகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே கதைதான்.

யாரும் வேண்டுமென்று வெட்டவில்லை. தேடவில்லை, அவ்வளவுதான். வடதுருவம்வரை தேடிய நாங்கள் புத்தளம்வரை தேடவில்லை. அவர்களில் சிலர் இப்போது திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டைத் திருத்தி, இந்த மண்டபத்தில் இருந்து நடை தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அழைப்பிதழ் போகவில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் 1990இல் கிழித்த கோட்டை, துவக்கு இல்லாத நாங்கள் இன்றைக்கும் எங்கள் புத்தகத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

ஆகவே பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். சேர்விடாப்பில் உள்ள ஒவ்வொரு பெயரும் முகவரிப் புத்தகத்தில் வரவேண்டும். முகவரி கிடைக்காவிட்டால் பெயராவது வரவேண்டும். கிடைத்தவர்களுக்குச் சங்கத் தலைவரின் கையொப்பத்தோடு அடுத்த வருட அழைப்பிதழ் போகவேண்டும். வழிமொழிய ஒருவர் வேண்டும். தம்பிமார் தேடும் வேலையில் உதவினால் நல்லது. உங்களுக்கு இரண்டு கிழமையில் முடிகிற வேலை அது.

நேற்றிரவு கோல்காப்பாளனோடு தொலைபேசியில் பேசினேன். "நாளைக்கு ஒன்றுகூடல். என்னோட வாவன்" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்:

"உன்னோட வரேல்ல, மச்சான். கடிதம் வந்தா வாறன்."

அவன் கேட்பது நியாயம். கடிதத்தை எழுதுவோம்.